மந்தைவெளியில் ஏறுகிறவள்

எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி அடுத்த ரயிலில் வரும். ஐம்பது வயதாகியும் இது மாறவில்லை. மாறியிருந்தால் போன வருஷம் மூன்று வாரம் நான் மந்தைவெளிக்கும் தரமணிக்கும் பைத்தியக்காரி மாதிரி அலைந்திருக்க மாட்டேன், முன்பின் தெரியாத செக்யூரிட்டிகளிடமெல்லாம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

எல்லாம் ஒரு விளையாட்டில் ஆரம்பித்தது. வெறும் விடுகதை விளையாட்டு.

வீடு சாந்தோமில். வேலை திருவான்மியூரில். பாடப் புத்தகங்கள் தயார் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறேன். ஒற்று விட்டுப் போயிருக்கிறதா, கொம்பு மாறியிருக்கிறதா என்று நாள் முழுக்க எழுத்து எழுத்தாகப் பார்க்கிற வேலை. காலையில் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடிப்பேன். தினமும் ஒரே ரயில், ஒரே பெண்கள் பெட்டி என்றால் முகங்கள் பழகிவிடும். முதலில் சிரிப்போம். அப்புறம் பேசுவோம். பேச ஆரம்பித்த மறுநாளே கேள்வி வரும். அதுதான் எனக்கு ஆகாது. "கல்யாணம் ஆகலையா? ஐயையோ, ஏன்? அப்போ கடைசி காலத்துல யாரு பாத்துப்பாங்க?" காலை எட்டரை மணிக்கு, இட்லி இன்னும் தொண்டையிலிருந்து கீழே இறங்காத நேரத்தில், என் கடைசி காலத்தைப் பற்றி ஊரார் கவலைப்படுவார்கள். மாதாவே! எத்தனை வருஷம்தான் ஒருத்தி பொறுத்துக்கொள்வாள்?

அதனால், ஒரே மூலையில் உட்கார ஆரம்பித்து நாங்கள் நாலு பேராக ஆனபோது, யாரும் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். இங்கே யாரும் யார் பேரையும் கேட்கக் கூடாது. புருஷன், பிள்ளை, மாமியார், சம்பளம் எதுவும் கிடையாது. போன் நம்பர் வாங்கக் கூடாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் பெட்டிக்குள் வந்ததும் திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

"அப்போ என்னத்தைத்தான் பேசிண்டு போறது?" என்று கேட்டார் திருமயிலையில் ஏறுகிற மாமி.

"விடுகதை போடுவோம்," என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அது ஒட்டிக்கொண்டது.

பேர் இல்லையென்றால் கூப்பிடுவது எப்படி? ஏறுகிற ஸ்டேஷனே பேராகிவிட்டது. திருவல்லிக்கேணியில் ஏறி, திருவான்மியூரில் ஒரு கடையில் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி எம்பிராய்டரி செய்கிற அம்மா 'திருவல்லிக்கேணி'. வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், சண்டை வந்தால் இரண்டும். இந்திரா நகரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிற மாமி 'மயிலாப்பூர்'. நான் 'லைட் ஹவுஸ்'. நாலாவது ஆள் மந்தைவெளியில் ஏறுவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேலே ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போடுகிற சாம்பல் நிறக் கோட்டு. தரமணியில் இறங்குவாள். அங்கே இருக்கிற எத்தனையோ கண்ணாடிக் கட்டிடங்களில் எது என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேனே. அவளுக்கு 'மந்தைவெளி' என்று பேர்.

விளையாட்டுக்கும் சட்டம் இருந்தது. மந்தைவெளி தாண்டியதும் ஒருத்தி புதிர் போட வேண்டும். இந்திரா நகர் வருவதற்குள் மற்றவர்கள் சொல்ல வேண்டும். விடை வந்துவிட்டால் போட்டவள் "தோத்துட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். வராவிட்டால் மற்ற மூவரும் சொல்ல வேண்டும். பணம் காசு கிடையாது, பந்தயம் கிடையாது. அந்த ஒரு வார்த்தைதான்.

அந்த ஒரு வார்த்தை என் வாயில் மட்டும் வராது. "சரி சரி, விடு," என்பேன். "இது எனக்குத் தெரியும், நாக்கு நுனியில இருந்தது," என்பேன். ஒரு தடவை இருமலே வந்துவிட்டது. மாமி கண்ணை உருட்டுவார். மந்தைவெளி சிரிப்பாள். "லைட்டவுஸு சொல்லாது. அதுக்கு கௌரவம் கீது," என்பாள்.

அவளிடம்தான் நான் தினமும் தோற்றேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாங்கள் மூன்று பேரும் சின்ன வயதில் கேட்ட விடுகதைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவோம். போட்டு முடிக்கும் முன்பே அவள் விடையைச் சொல்லிவிடுவாள், கைப்பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டே. அவள் போடுவதோ நாங்கள் எங்கேயும் கேட்டிராதது. "வாயத் தொறந்து ஆள முழுங்குவான், மாடிக்கு மாடி துப்புவான். ஆனா ஒருத்தரும் சாவறதில்ல. இன்னா அது?" நாங்கள் முதலை, பாம்பு, திமிங்கிலம் என்று உளறிக்கொண்டிருக்க, இந்திரா நகர் வந்துவிடும். "லிஃப்ட்டுப்பா!" என்பாள். இன்னொரு நாள்: "கை நீட்டினா அழுவான், கைய எடுத்துட்டா கம்முனு ஆயிருவான்." கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டுகிற குழாய். "நாள் பூரா தலகீழா நிப்பான், நான் நடந்த தடத்த நானே பாக்க வுடமாட்டான்." தரை துடைக்கிற மாப்பு.

திருவல்லிக்கேணி கை தட்டுவார். "அரே வா! எங்கேருந்துமா புடிக்கிறே?" என்பார். மந்தைவெளி தோளைக் குலுக்குவாள். எனக்கு எரியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரியும். எழுத்தைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக மாரடிக்கிறவள் நான். இவள் எங்கிருந்து தினம் ஒன்றைக் கொண்டுவருகிறாள்? ஏதோ போனில் பார்த்துவிட்டு வந்து போடுகிறாள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு மருந்தாகத்தான் எழுத்துப் புதிர்களை ஆரம்பித்தேன். "மூணெழுத்து. முழுசா இருந்தா ஓடும், முதலெழுத்தை எடுத்தா ஜன்னல்ல தொங்கும்." குதிரை, திரை. மாமிக்கு உடனே பிடித்துவிட்டது. அவர் வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுகிறவர். திருவல்லிக்கேணி பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் படித்தாராம், விரல் விட்டு எண்ணி எண்ணிக் கண்டுபிடிப்பார். மந்தைவெளி மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் "எனக்குத் தலவலி, நீங்க ஆடுங்க," என்றாள். அப்புறம் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். கிரீன்வேஸ் தாண்டி ஆறு வரும், கோட்டூர்புரம் வரும். வெளியே பார்த்துக்கொண்டே வருவாள்.

நான் என்ன செய்தேன்? மேலும் மேலும் எழுத்துப் புதிர்களாகவே போட்டேன். இரண்டு வாரம் பெரும்பாலும் நானே ஜெயித்தேன். அவள் முறை வந்தால் அவள் மாப்பு, பக்கெட், லிஃப்ட்டு என்று ஒன்று போடுவாள், மற்ற நாளெல்லாம் எழுத்துதான். ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது மறுநாளுக்கான புதிரை எழுதி எழுதிப் பார்ப்பேன். அத்தனை குஷி.

அந்தப் புதன்கிழமை நான் போட்டது இது. "அஞ்செழுத்து. முழுசா ஒரு பச்சைக் கல். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு சேந்தா நிழல் தரும். ரெண்டு, நாலு, அஞ்சு சேந்தா தெருவுல இழுப்பாங்க. மூணு, ரெண்டு, அஞ்சு சேந்தா கை." போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமி உதட்டைக் கடித்தார். திருவல்லிக்கேணி விரலை மடக்கினார். கிரீன்வேஸ் போயிற்று, ஆறு போயிற்று. கோட்டூர்புரத்தில் கதவுப் பக்கம் கூட்டம் ஏறியது. அந்தச் சந்தடியில் மந்தைவெளி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஏதோ முணுமுணுத்ததை நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் போன் கிணுகிணுத்தது. காதில் வைத்துக் கேட்டாள். திரும்பினாள்.

"மரகதம்," என்றாள்.

முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு வாரத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு எனக்குப் போன்தான் கண்ணில் பட்டது.

"மரம், ரதம், கரம்! அடடா!" என்று மாமி தொடையில் தட்டினார். "சொல்லுடீ லைட் ஹவுஸ், தோத்துட்டேன்னு சொல்லு!"

"எதுக்குச் சொல்லணும்?" என்றேன். "போனைக் கேட்டுச் சொன்னதெல்லாம் செல்லாது."

"ஐயே, ஒரு நாளு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

நான் நிறுத்தவில்லை. "எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச ஒண்ணாங்கிளாஸ் குழந்தைகூடச் சொல்லும். அதுக்குக்கூட உனக்கு ஒரு போன் வேணுமா? நீ தினமும் போடறியே, அதெல்லாமும் இப்படித்தான் வருதா?"

பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அப்படி. பள்ளிக்கூட மைதானத்தில் பேசுகிற குரல் என்று என் தம்பி சொல்வான்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாய்க்கு என் வாய் ஈடில்லை. ஆனால் அவள் போனைப் பைக்குள் வைத்தாள். பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். "நீயே ஆடிக்கோ," என்றாள். வண்டி கஸ்தூரிபா நகரில் நின்றது. இறங்கிப் போய்விட்டாள்.

"அவங்க ஸ்டேஷன் தரமணியாச்சே," என்றார் திருவல்லிக்கேணி.

எனக்கு அப்போதும் கோபம்தான். செய்த தப்பைச் சொன்னால் இப்படி ஒரு ரோஷமா என்று ஆபீஸ் வரை பொருமிக்கொண்டே போனேன்.

மறுநாள் மந்தைவெளியில் அவள் ஏறவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. அடுத்த வாரம் முழுக்க இல்லை. அவள் உட்காருகிற இடத்தில் ஒரு காலேஜ் பெண் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வந்தது. பாவம், அது என்ன செய்யும்?

"உடம்புக்கு ஏதாவதா இருக்குமோ?" என்றார் மாமி. "ஒரு போன் போட்டுக் கேக்கலாம்னா நம்பர் இல்லை. விசாரிக்கலாம்னா பேர் தெரியாது. எல்லாம் நீ போட்ட ரூல்தாண்டீ."

"வேணும்னுதான் வரலை," என்றார் திருவல்லிக்கேணி என்னைப் பார்க்காமல். ஆரி வேலைக்குத் துணி மாட்டுகிற மரச் சட்டத்தை மடியில் நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் யாரும் புதிர் போடவில்லை. மந்தைவெளி தாண்டும், இந்திரா நகர் வரும், மாமி இறங்குவார். நாங்கள் மூன்று பேரும் மற்ற பயணிகள் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு போனோம். எனக்குத் தூக்கம் சரியில்லை. அவள் போனைக் கேட்டது தப்புதான், ஆனால் நான் கேட்ட இரண்டாவது கேள்வி? நீ போடுவதெல்லாம் இப்படித்தான் வருகிறதா என்று ஒருத்தியை நாலு பேர் எதிரில் கேட்டால் அது என்ன மாதிரிக் கேள்வி?

தேடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்ததும்தான் எத்தனை பெரிய முட்டாள்தனம் செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. ஒன்றரை வருஷம் தினமும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் கோட்டுப் பையின் மேல் கம்பெனி பேர் தைத்திருந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏதோ தைத்திருந்தது. என்ன தைத்திருந்தது? அச்சுப் பிழையை ஒரு கஜ தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள், அதைப் படித்ததே இல்லை.

மூன்று நாள் மந்தைவெளி ஸ்டேஷனில் போய் நின்றேன். முந்தைய ரயில், பிந்தைய ரயில் எல்லாம் பார்த்தேன். சாம்பல் கோட்டுக்காரிகள் பத்துப் பேர் ஏறினார்கள், அவள் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தரமணியில் இறங்கினேன். முதல் கட்டிட வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"யாரைப் பாக்கணும் மேடம்?"

"இங்க ஹவுஸ்கீப்பிங்ல வேலை செய்றவங்க."

"பேரு?"

"தெரியாது."

"எந்தக் கம்பெனி ஆளு?"

"தெரியாது."

"சரி, எந்த பில்டிங்?"

"லிஃப்ட் இருக்கும். கை நீட்டினா தானா தண்ணி வர்ற குழாய் இருக்கும்," என்றேன். என் வாயிலிருந்து அது வெளியே வந்ததும் எனக்கே அழுகை வந்தது.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "மேடம், இங்க எல்லா பில்டிங்லயும் அதான் இருக்கு," என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார், அந்த மட்டில் நல்ல மனுஷர். மூன்றாவது கட்டிடத்தில் இருந்தவர் அடக்கவில்லை. நான்காவது வாசலுக்கு நான் போகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மோர்ப் பாக்கெட்டை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, வழக்கம்போல் மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனேன். மந்தைவெளியில் ரயில் ஏறுகிறவள் இந்தப் பக்கத்து ஆளாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. நான் வழக்கமாக வாங்குகிற மீன்காரப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு, மாநிறம், தரமணியில் வேலை, ரயிலில் போவாங்க.

"பேரு இன்னா?" என்றாள், சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே.

"அதுதான் தெரியாது."

"பேரு தெரியாம இன்னாத்துக்குத் தேடிக்கினு கீற? நீ இன்னா போலீஸா?"

"இல்லம்மா, பழகினவங்க."

"பழகின ஆளு பேரு தெரியாதா? நல்லா கீதே கத!" பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்து சிரித்தாள். "இங்க பாதிப் பேரு தரமணிக்குத்தான் வேலைக்குப் போறாங்க. எல்லாம் மாநிறந்தான். கடக்கரையில செவப்பா யாரு கீறாங்க?"

எனக்கு அப்படியே பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. யார் மேல் கோபப்படுவது? என் மேலேயே கோபப்பட்டு அலுத்துவிட்டது. "விடுகதை போடுவாங்கம்மா!" என்று கத்தினேன். "வாயத் தொறந்து ஆள முழுங்குவான், மாடிக்கு மாடி துப்புவான், ஒருத்தரும் சாவறதில்லன்னு போடுவாங்க!"

கத்தி நின்றது. மீன்காரி தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"லிஃப்ட்டு," என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க அண்ணி போட்டதாச்சே அது! எங்க வூட்டு ஆளுங்களத் தவிர யாருக்கும் தெரியாது. அதுவே கட்டினது. மாடி தொடைக்கிறப்போ தானா வரும்னு சொல்லும். சாயங்காலம் வந்து எங்களாண்ட போட்டுப் பாத்துட்டுத்தான் மறுநாளு ரயில்ல போடும்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் மாறியது. "அப்போ ரயில்ல அந்த லைட்டவுஸு அம்மா நீதானா?"

தலையை ஆட்டினேன்.

"நல்லா கேட்டியே ஒரு கேள்வி!" என்றாள். கத்தியை மறுபடி எடுத்தாள், மீனை ஓங்கி ஓங்கிச் சுரண்டினாள். "அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. ஸ்கூலுக்கே போனதில்ல. நீ எழுத்து எழுத்தா போடறன்னு வந்து சொல்லும். எனக்கு மட்டும் ஒண்ணும் புரியல, வெளிய பாத்துக்கினு வரேன்னு சொல்லும். அன்னிக்கு ஒரு நாளு மட்டும் பொண்ணாண்ட போன்ல பேசிக் கேட்டுச் சொல்லிச்சு. அதுக்குப் போயி எல்லார் எதிர்லயும்... ஒண்ணாங்கிளாஸுன்னியாமே?"

மீன் வாங்கினேனா இல்லையா என்று நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: அண்ணி இப்போது ரயிலில் போவதில்லை, காலை ஏழரைக்குப் பஸ், அடையாறு போய் மாறிப் போகிறது, முக்கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை ஏழேகாலுக்குப் பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவள் வந்தாள். சாம்பல் கோட்டு, அதே பை. என்னைப் பார்த்தாள், நிற்காமல் பஸ்ஸில் ஏறினாள். நானும் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பஸ் உனக்கு எதுக்கு? உனக்குத்தான் ரயிலு கீதே," என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்து.

"மன்னிச்சிரு. எனக்குத் தெரியாது, உனக்கு..."

"அதெல்லாம் வாணாம். படிக்கத் தெரியாதுன்னு நானும் சொல்லலியே." கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். "போன்ல கேட்டது திருட்டுதான். ஒத்துக்கிறேன். ஆனா நீங்க மூணு பேரும் ஆடுவீங்க, நான் மட்டும் ஆத்தப் பாத்துக்கினு வரணுமா? முன்னாடி நாம நாலு பேரா ஆடினோம். நீதான் அத்த எழுத்தாக்கின."

இப்படி ஒரு தருணத்துக்காகத்தானே மூன்று வாரம் அலைந்தேன்? வாய் நிறைய வார்த்தைகளோடு வந்தவள், கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். பட்டினப்பாக்கத்து மீன் வாடை ஜன்னலில் வந்துகொண்டிருந்தது.

"நானும் எழுத்துல ஒண்ணு போடலாம்னுதான் இருந்தேன்," என்றாள் அவளே. "ரொம்ப நாளா வச்சிக்கினு கீறேன். எனக்கு எழுதத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். என் பேரு. பாங்க்குல கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு பொண்ணு எழுதக் கத்துக்குடுத்தா. அத்த வச்சுப் போட்டா நீங்க யாரும் கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா பேரு சொல்லக் கூடாதுன்னு நீதானே ரூல் போட்ட?"

அது போய் எங்கே தைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. கல்யாணக் கேள்விக்குப் பயந்து நான் கட்டின வேலி. அந்த வேலிக்குள் அவளிடம் இருந்த ஒரே ஒரு எழுத்துப் புதிரையும் போட்டு அடைத்திருக்கிறேன்.

"போடு," என்றேன். "இது பஸ்ஸு. ரயில் ரூல் இங்க செல்லாது."

திரும்பிப் பார்த்தாள். யோசித்தாள். "அடையாத்துப் பாலம் முடியறதுக்குள்ள சொல்லணும்," என்றாள்.

"சரி."

"நாலு எழுத்து. மொத எழுத்து, குந்திக்கினு கீற பொம்பள. ரெண்டாவது, புள்ளைய இடுப்புல வச்சிக்கினு நிக்கிறவ, தலைக்கு மேல ஒரு பொட்டு. மூணாவது ஒரு நாக்காலி. கடைசி எழுத்து நண்டு. கொடுக்க முன்னால நீட்டிக்கினு போவுது."

முப்பது வருஷம் எழுத்தைப் பார்த்த கண். ஆனால் நான் எழுத்தைப் பார்த்ததே இல்லை, பிழையைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. எந்த எழுத்து குந்தி உட்காரும்? எது இடுப்பில் பிள்ளை வைத்திருக்கும்? விரலால் மடியில் எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பஸ் பாலத்தில் ஏறியது. கீழே அடையாறு கறுப்பாகக் கிடந்தது. இரண்டாவது எழுத்து ஒற்று என்பது மட்டும் பிடிபட்டது, மற்றதெல்லாம் நழுவியது. பாலம் பாதி போய்விட்டது. வழக்கம்போல் 'நாக்கு நுனியில இருக்கு' என்று ஒரு பொய் தொண்டை வரை வந்தது. அதை முழுங்கினேன்.

பாலம் முடிந்தது.

"தோத்துட்டேன்," என்றேன்.

"இன்னா? காதுல வுழல."

"தோத்துட்டேன்!" மைதானத்தில் பேசுகிற அதே குரல். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் திரும்பினார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, எனக்கும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள். "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றாள், "நான் எதுக்கு தெனமும் ஏழரைக்கு பஸ்ஸுல வந்து நசுங்கிக்கினு கீறேன்?"

அடையாறில் இறங்குவதற்கு முன் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேரைச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை. வேறு யாருக்காவது அது வேண்டுமென்றால், மந்தைவெளியில் அவள் ஏறுகிறபோது அவளிடமே கேட்டு, தோற்றுவிட்டு வாங்கிக்கொள்ளட்டும்.